நடுவில் ஒரு பெயர்

1

இந்த ஊரில் மக்ரிபுக்கு ஒரு நிலை கிடையாது. சூரியன் விழுந்ததும் தொழவேண்டிய தொழுகை அது. ஸ்ரீவில்லிபுத்தூரில் வருடம் முழுவதும் தெருவிளக்கு எரிகிற நேரமும் மக்ரிபும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும், கடிகாரம் தேவையில்லை. இங்கே, இங்கிலாந்தின் வடக்குப் பக்கத்தில், டிசம்பர் மாதம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வீடு வந்து சேர்வதற்குள் மக்ரிப் வந்து போய்விடும். ஜூன் மாதமோ சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, கொட்டாவி விட்டுக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாலும் வராது. வந்த புதிதில் சூரியனையே திட்டியிருக்கிறேன். இப்போது பழகிவிட்டது. பழகிவிட்டது என்று சொல்கிறேனே தவிர, ஒவ்வொரு ஜூனிலும் ஒருமுறை திட்டத்தான் செய்கிறேன்.

நாங்கள் இருப்பது ஒரு பழைய மில் ஊர். என் வீட்டுக்காரர் காதர் ராஜபாளையத்தில் நூற்பாலை ஃபிட்டராக இருந்தவர். நூற்பு இயந்திரங்களுக்கு உதிரிபாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்து இங்கே வந்தார். வந்து பார்த்தால் ஊர் மில்கள் பெரும்பாலும் மூடிக்கிடக்கின்றன. புகைபோக்கிகள் மட்டும் நிற்கின்றன. "ராஜபாளையத்துல மில்லு ஓடுது, இங்க ஓடல. நாம ஏன் இங்க வந்தோம்?" என்று ஒருமுறை கேட்டேன். "ஓடுற மில்லுக்கு ஸ்பேர் பார்ட் இங்கருந்துதான் போகுது" என்றார். அவர் எப்போதும் இப்படித்தான், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வார்.

எங்களுக்கு ஒரே மகள், நசீமா. பதினெட்டு முடிந்துவிட்டது. இந்த ஏப்ரலில் ஒரு சாயங்காலம் நானும் அவளும் மக்ரிப் தொழுதுவிட்டு உட்கார்ந்திருந்தோம். அவர் வேலையில் இருந்தார். தொழுது முடித்ததும் இரண்டு கையையும் ஏந்தி, நமக்கு வேண்டியதை நம் வாய்ச்சொல்லிலேயே கேட்பதுதான் துஆ. எங்கள் வீட்டில் அதை நான்தான் சத்தமாகக் கேட்பேன், மகள் "ஆமீன்" சொல்வாள். ஊரில் என் அம்மா செய்த வழக்கம் அது.

அன்றைக்கும் கேட்டேன். "யா அல்லாஹ், என் மக நசீமாவுக்கு நேர்வழி காட்டு. அவளுக்கு நல்ல புத்தியக் கொடு. அவ மனசை இந்த ஊர்ப் பக்கமே திருப்பு."

ஆமீன் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். நசீமா கையைக் கீழே இறக்கி மடியில் வைத்திருந்தாள்.

"அம்மா, இனிமே என் பேரைச் சொல்லாதீங்க" என்றாள் தமிழில். மற்றதெல்லாம் ஆங்கிலத்தில் வந்தது. கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் போதாது. நான் எங்கேயும் தொலைந்துபோகவில்லை, தினமும் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே அல்லாஹ்விடம் என்னைப் பற்றிப் புகார் சொல்கிறீர்கள், அதற்கு நானே ஆமீன் வேறு சொல்லவேண்டுமா என்று கேட்டாள். சத்தம் போடவில்லை. பாயை அழகாக மடித்து வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

கதவைச் சாத்தும் சத்தம்கூட மெதுவாகத்தான் கேட்டது. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

2

விஷயம் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். நசீமா கடல்வாழ் உயிரினங்களைப் பற்றிப் படிக்க ஆசைப்பட்டாள். அந்தப் படிப்பு இங்கிருந்து ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போகவேண்டிய தூரத்தில், கடலோரத்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. என் ஆசை, உள்ளூரிலேயே மருந்தாளுநர் படிப்பு படித்துக்கொண்டு வீட்டிலிருந்து போய் வரவேண்டும் என்பது. மேற்கே மலையும் கிழக்கே கரிசலுமாக வளர்ந்த எங்கள் வம்சத்தில் கடலுக்கு என்ன வேலை? அய்யனார் கோவில் அருவிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனாலே, வழுக்குப்பாறை வழுக்குப்பாறை என்று கத்திக்கொண்டே இருக்கிற கூட்டம் நாங்கள்.

நான் நேரடியாக வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அவளிடம் பதில் இருக்கும். அதனால் துஆவில் சொன்னேன். துஆவில் சொன்னால் யாரும் எதிர்வாதம் செய்யமுடியாது பாருங்கள். அவ்வளவு கெட்டிக்காரத்தனம் எனக்கு.

ஆனால் என் மனசில் கெட்டிக்காரத்தனம் மட்டும் இருந்ததாக நினைத்துவிடாதீர்கள். எங்கள் ஊரில் ஒருவர் பெயரைச் சொல்லித் துஆ கேட்பதை யாரும் குறையாக எடுத்துக்கொண்டதில்லை. பெயரைச் சேர்க்கச் சொல்லித் தேடி வந்து கேட்பார்கள். மக்ரிப் முடியும் நேரம் பள்ளிவாசல் வாசலில் கைப்பிள்ளையோடு நிற்கிற பெண்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முக்கால்வாசிப் பேர் நம் மார்க்கத்தவர்கள் அல்ல. தொழுதுவிட்டு வருகிறவர்கள் ஓதி ஊதிவிட்டுப் போவார்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் விடும் என்று ஒரு நம்பிக்கை. பள்ளிவாசலுக்குப் போக நேரமில்லாதவர்கள் எங்கள் அம்மாவிடம் வருவார்கள்.

என் அம்மா பெயர் ஜுலைகா. என் அத்தா, அதாவது அப்பா, மவுத்தான பிறகு வீட்டை ஒற்றை ஆளாக நடத்தியவள். காதர் முதலில் தனியாக இங்கே வந்துவிட, விசா வரும்வரை நானும் நசீமாவும் அம்மா வீட்டில்தான் இருந்தோம். எண்பதுகளின் நடுவில் ஒரு மூன்று வருடம். நசீமா அங்கேதான் நடை பழகினாள், பேச்சும் பழகினாள்.

அம்மாவுக்கு அரபியில் சின்ன அத்தியாயங்கள் சில மட்டும் மனப்பாடம். துஆ முழுக்கத் தமிழ்தான். "யா அல்லாஹ், எங்களுக்கு நேர்வழி காட்டு. காட்டின பொறவு மனசைத் தடுமாற விட்டுராத. உன் ரஹ்மத்தை எங்க மேல இறக்கு. தாங்க முடியாத சோதனையத் தந்துராத. பலா முஸீபத்தை விட்டும் எங்களைக் காப்பாத்து." வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: ரஹ்மத் என்றால் இறைவனின் அருள், பலா முஸீபத் என்றால் வந்து விழுகிற துன்பங்கள் எல்லாம். இதைச் சொன்ன பிறகு பெயர்கள் ஆரம்பமாகும். ஒவ்வொருவரையும் தாய் பெயரோடு சேர்த்துத்தான் சொல்வாள். இன்னாள் மகள் இன்னாள், இன்னாள் மகன் இன்னான். ஏன் என்று கேட்டதற்கு, "தாயி யாருங்கறதுலதான் சந்தேகம் கிடையாது" என்றாள் முகத்தைச் சுளிக்காமல்.

பக்கத்து வீடு கனகம்மாவுடையது. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். இரண்டு வீட்டுக் கொல்லைக்கும் நடுவே ஆள் உயரச் சுவர் ஒன்று. கனகம்மா அந்த நேரத்தில் சுவரோரம் மாவு ஆட்டிக்கொண்டிருப்பாள். அம்மா துஆவை முடிக்கும்போது அந்தப் பக்கமிருந்தும் ஒரு "ஆமீன்" வரும். புரட்டாசி சனிக்கிழமை தவறாமல் பெருமாளுக்கு விரதம் இருக்கிற அதே கனகம்மாதான். ஆரம்பத்தில் அம்மாவுக்குச் சிரிப்பு வந்ததாம். பிறகு அந்த ஆமீன் வராத நாளில், "கனகத்துக்கு என்னம்மோ உடம்புக்குச் சரியில்ல போல, எட்டிப் பாத்துட்டு வா" என்று என்னை அனுப்புவாள்.

கனகம்மாவின் ஒரே மகன் சீனிவாசன், எங்களுக்கு சீனி. காதர் வேலை பார்த்த மில்லிலேயே பழகுநராகச் சேர்ந்தவன். பிறகு சீட்டு, பிறகு குடி. மம்சாபுரத்தில் ஒரு கூட்டாளி வீட்டில் ராப்பகலாகக் கிடந்தான் என்றார்கள். ஒரு நாள் தாய் கழுத்துச் சங்கிலியோடு ஆள் மாயம். பம்பாய் என்றார்கள், சூரத் என்றார்கள். தெருவுக்கு நல்ல தீனி. தண்ணீர் பிடிக்கிற இடத்தில் கனகம்மா வந்தால் பேச்சு நிற்கும், போனால் தொடரும்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் கவனித்தேன், அம்மாவின் துஆவில் என் பெயரும் சீனி பெயரும் அடுத்தடுத்து வருகிறது. "ஜுலைகா மகள் ஆயிஷாவுக்கு நேர்வழி காட்டு, கனகம்மா மகன் சீனிவாசனுக்கு நேர்வழி காட்டு." எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நான் என்ன சீட்டாடினேனா, குடிச்சேனா? அவன்கூட எதுக்குச் சேத்துச் சொல்லுதீய?" என்று கேட்டேன்.

அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். "உனக்கு வழி தெரியும்னா நல்லதுதான் தாயி. எனக்குத் தெரியல, நான் கேக்கேன்."

பாயை மூலையில் சாத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

3

இங்கே பள்ளிவாசல் இருக்கிறது. பழைய துணிக்கடையை வாங்கிப் பள்ளிவாசலாக்கியிருக்கிறார்கள். பெண்களுக்கு மாடியில் இடம். கீழே இமாம் பேசுவது சுவரில் மாட்டிய சின்ன ஒலிபெருக்கியில் வரும். அவர் பேசுவது உருது. எனக்கு உருது தெரியாது. தொழுகை முடிந்ததும் அவர் குரல் ஏறி இறங்கும்போது துஆ கேட்கிறார் என்று வைத்துக்கொண்டு ஆமீன் சொல்லிவிடுவேன். ஒரு வெள்ளிக்கிழமை அவர் ரொம்ப உருக்கமாகப் பேசினார். நானும் கண்ணை மூடிக்கொண்டு உருக்கமாக ஆமீன் சொன்னேன். மாடி முழுக்கச் சிரிப்பு. யாரோ நீலநிறக் காரை அடுத்த வீட்டு வாசலில் மறித்து நிறுத்தியிருக்கிறார்கள், தயவுசெய்து எடுங்கள் என்று அறிவித்திருக்கிறார். அப்போது நசீமாவுக்குப் பத்துப் பன்னிரண்டு வயது. வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தாள். ரொம்ப நாளைக்கு, நான் எதையாவது தப்பாகப் புரிந்துகொண்டால் "ஆமீன், நீலக் கார்" என்பாள்.

சிரிக்க முடியாத தவறும் ஒன்று செய்தேன். நான் ஒரு மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் மேற்பார்வையாளர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, தங்கமான மனுஷி. அவர் கணவருக்கு ஏதோ அறுவை சிகிச்சை. ஆறுதல் சொல்ல நினைத்து, "உங்கள் கணவர் மீது இறைவன் கருணை காட்டவேண்டும் என்று தினமும் கேட்கிறேன்" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. ஆள் பிழைக்கமாட்டார் என்று எனக்கு ஏதோ சேதி தெரிந்துவிட்டதாக நினைத்திருக்கிறார். சாகக்கிடக்கிறவர்களுக்குத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள் என்று பிறகு நசீமா விளக்கினாள். அவர் கணவர் நன்றாகவே இருக்கிறார். ஆனாலும் அவரிடம் துஆ பற்றி நான் இப்போது வாயைத் திறப்பதில்லை.

இந்தப் பாடத்தை நான் வேலை செய்கிற இடத்தில் மட்டும் படித்தேன். வீட்டுக்கும் அது பொருந்தும் என்று தோன்றவில்லை.

பெயர் விஷயத்தில் இன்னொரு கூத்து. இங்கே ஒவ்வொருவருக்கும் குடும்பப் பெயர் ஒன்று வேண்டும். நமக்குத்தான் அது கிடையாதே. அதனால் நான் ஆயிஷா பீவி என்பதில் பீவி ஆனேன். என் வீட்டுக்காரர் தன் தகப்பன் பெயரால் மைதீன் ஆனார். மகள் தன் தகப்பன் பெயரால் காதர் ஆனாள். குடியுரிமைக்கு எழுதிப் போட்டபோது ஒரு அதிகாரி கூப்பிட்டுவிட்டு, பீவி, மைதீன், காதர் என்று மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நீங்கள் ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறீர்களா, அல்லது உறவா என்று மரியாதையாகக் கேட்டார். அன்றைக்கு நசீமாதான் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னாள். வெளியே வந்ததும், "இவங்க கிட்ட அம்மா பேருக்கு இடமே இல்ல, பாத்தீங்களா?" என்றாள். அம்மாவின் துஆவில் வருகிறதுபோல் தாய் பெயரைச் சொல்லியிருந்தால் சுலபமாக முடிந்திருக்கும் என்று இரண்டு பேரும் சிரித்தோம்.

அந்த விண்ணப்பத்தோடு என் பாஸ்போர்ட் அலுவலகத்தில் இருந்த சமயத்தில்தான் அம்மா மவுத்தான செய்தி வந்தது. நம்மில் அன்றைக்கே அடக்கம் செய்துவிடுவார்கள். பாஸ்போர்ட் கையில் இருந்திருந்தாலும் முகம் பார்த்திருக்க முடியாது என்று என்னை நானே சமாதானம் செய்துகொள்கிறேன். அன்று மக்ரிபுக்கு அம்மாவின் பெயர்களை எல்லாம் வரிசை மாறாமல் நான் சொல்ல ஆரம்பித்தேன். அவர்களில் பாதிப் பேர் உயிரோடு இருக்கிறார்களா என்றுகூட எனக்குத் தெரியாது. சொல்லாவிட்டால் அம்மாவின் வேலை பாதியில் நின்றுவிடும் என்று தோன்றியது. ஆனால் நாளாக ஆக வரிசை என்னிடம் மாறிவிட்டது. மகளின் பெயர் முன்னே வந்தது, அதற்கு மட்டும் தனியாக ஒரு நேர்வழி. மற்றவர்கள் எல்லோரும் கடைசியில் ஒரே மூச்சில் முடிந்துபோனார்கள்.

4

நசீமா சொன்னதை நான் மதித்தேன். பெயரைச் சொல்வதை நிறுத்தினேன். எனக்கும் ரோஷம் உண்டு. "உன் பேரை எடுத்துட்டேன்" என்று அவளிடம் சொல்லவும் செய்தேன். "தேங்க்ஸ்" என்றாள்.

அதன்பிறகு அவள் என்னோடு உட்கார்ந்து தொழுவது குறைந்தது. தன் அறையில் தொழுகிறாளா, தொழவே இல்லையா என்று தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. சாப்பாட்டு மேஜையில் உப்பு, தண்ணீர், பஸ் நேரம், இவ்வளவுதான் பேச்சு. தமிழில் பேசினால் ஆங்கிலத்தில் பதில், அதுவும் சுருக்கமாக. அவள் கேட்ட பல்கலைக்கழகத்திலேயே இடம் கிடைத்த கடிதம் வந்தது. என் வீட்டுக்காரர் சந்தோஷப்பட்டார். நானும் சந்தோஷப்பட்டதாகக் காட்டிக்கொண்டேன்.

"நீ துஆ கேட்டியா, அவகிட்ட சண்டை போட்டியா?" என்று அவர் ஒரு நாள் கேட்டார்.

"துஆதான் கேட்டேன்."

"அப்ப அல்லாஹ்கிட்ட கேக்க வேண்டியத அவ காதுல ஏன் கேட்ட?"

ஃபிட்டர்கள் எப்போதும் எந்த மறை லூசாகியிருக்கிறதோ அங்கேதான் ஸ்பேனரை வைப்பார்கள்.

எனக்கு இருந்த பயம் அவள் படிப்பைப் பற்றியதே அல்ல என்று அப்போதுதான் எனக்கே புரிந்தது. செப்டம்பரில் அவள் போய்விடுவாள். இப்படி முகம் கொடுக்காமலே போய்விட்டால், அப்படியே போய்விடுவாள். இங்கே எத்தனையோ வீடுகளில் அப்படி நடந்திருக்கிறது. பண்டிகைக்கு ஒரு வாழ்த்து அட்டை, பிறந்தநாளுக்கு ஒரு போன். பிள்ளை கெட்டுப்போயிருக்காது. நல்ல வேலையில் நல்லபடியாகத்தான் இருக்கும். ஆனால் இந்த வீட்டுக்கும் அதற்கும் ஒன்றும் இருக்காது. அந்தப் பயத்தைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தெரிந்த வார்த்தை நேர்வழி ஒன்றுதான்.

5

ஜூலையில் அம்மா மவுத்தான வருட நாள் வந்தது. ஊரில் இருந்தால் வீட்டில் ஃபாத்திஹா ஓதி நெய்ச்சோறு ஆக்கித் தெருவுக்குக் கொடுப்போம். இங்கே நானே ஓதி, நானே ஆக்கி, சலவைப் பிரிவுக்கு டப்பாவில் கொண்டுபோகிறேன். அன்றைக்குக் காலையில் கனகம்மாவுக்குப் போன் செய்வது வழக்கம். அம்மா வீடு இப்போது வேறு யாருக்கோ வாடகைக்குப் போய்விட்டது. தெருவில் எனக்கென்று இருப்பது கனகம்மா ஒருத்திதான்.

"ஏட்டி அம்மாயி, நீதானா?" என்றாள். தெலுங்கில் பெண்பிள்ளையைக் கூப்பிடுகிற சொல் அது. எனக்கு நாற்பது தாண்டியும் அவளுக்கு நான் அம்மாயிதான். "இப்பத்தான் உங்கம்மாவ நெனைச்சுக்கிட்டேன். நேத்து மலையில நல்ல மழை. சீனி ராஜபாளையத்துல இருந்து வந்துட்டுப் போறான்."

சீனி திரும்பி வந்து பல வருடம் ஆகிவிட்டது. ராஜபாளையத்தில் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறான், குடும்பம் ஆகிவிட்டது. எங்கள் அம்மாவின் துஆதான் அவனைத் திருப்பிக் கொண்டுவந்தது என்று நான் ஒருமுறை சொன்னபோது, "துஆவுல வந்தானோ பசியில வந்தானோ, வந்துட்டான்லா" என்றவள் கனகம்மா.

"நசீமா எப்படி இருக்கா? எம்புட்டு உசரம் இருப்பா இப்ப?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கடல், படிப்பு, துஆ, பெயரைச் சொல்லாதே என்றது, எல்லாம். கனகம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"நீ அவ பேரைத் தனியாவா சொன்ன?" என்றாள்.

"ஆமா. ஏன்?"

"உங்கம்மா உன்கிட்ட சொல்லவே இல்லையா?"

"எதை?"

"சீனி ஓடிப்போனான்ல, அப்ப ஒரு நாளு உங்கம்மா அவன் பேரை மட்டும் தனியாச் சொல்லி, வழி காட்டு வழி காட்டுன்னு அழுதாவ. செவுத்துக்கு இந்தப் பக்கம் நான் கேட்டுக்கிட்டிருந்தேன். எனக்கு நெஞ்சு ஆறல. மறுநா காலையில போயி, 'அக்கா, நல்லதுக்குத்தான் கேக்கிய. ஆனா அவனுக்கு மட்டும் கேக்காதிய. தெருவே அவனைத்தான் தனியா நிறுத்தி வச்சுப் பேசுது. சாமி கிட்டயும் தனியா நிறுத்தணுமா'ன்னேன்."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"என் கையப் புடிச்சுக்கிட்டாவ. அன்னைக்கு வெளக்கு வைக்கிற நேரம் அவிய பேரைத்தான் மொதல்ல சொன்னாவ. ஜுலைகாவுக்கு வழி காட்டுன்னு. பொறவு உன் பேரு, நடுவுல என் மவன் பேரு, பொறவு உன் மாப்பிள்ளை, அந்தக் கைப்பிள்ள நசீமா. அம்புட்டுப் பேருக்கும் ஒரே வார்த்தைதான். செவுத்தோரம் நின்னு கேக்குறவளுக்கு இதுல யாரு ஓடிப்போனவன்னு தெரியாது. நான் ஆமீன்னு சொல்ல ஆரம்பிச்சது அதுக்குப் பொறவு இல்லட்டி, முன்னயே. ஆனா மனசாரச் சொன்னது அன்னைக்குத்தான்."

நான் என்ன சீட்டாடினேனா என்று கேட்ட ஆயிஷா ஞாபகம் வந்தாள். அம்மா அன்றைக்கே காரணத்தைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் நாலு பேரிடம் சொல்லியிருப்பேன். அது அவளுக்குத் தெரியும்.

"உன் மவ கோவப்பட்டது நியாயந்தான்" என்றாள் கனகம்மா. "இப்ப போயி அவளுக்குச் சோத்தப் போடு."

அன்று சாயங்காலம் நசீமா பாத்திரம் துடைக்க வந்து நின்றாள். இந்தக் கதையை முழுசாகச் சொன்னேன். மன்னிப்பு கேட்கிற மாதிரி எதுவும் சொல்லவில்லை. எனக்கு அது வராது. கனகம்மா சொன்னதைச் சொன்னேன், அவ்வளவுதான். அவள் ஒரு தட்டையே ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டிருந்தாள். "அந்த சீனி இப்ப என்ன பண்றார்?" என்று கேட்டாள். லேத் பட்டறை என்றேன். "ஓ" என்றாள். துணியை உதறிக் காயப்போட்டுவிட்டு மேலே போனாள்.

6

செப்டம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கிளம்பினாள். எங்கள் கார் சின்னது. அவளுடைய போர்வை, தலையணை, புத்தகப் பெட்டி, நான் கட்டிக்கொடுத்த அரிசி, மசாலாப் பொடி எல்லாம் ஏற்றியதும் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. அவர் ஓட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு மறுநாள் வருவதாக ஏற்பாடு.

பயணம் கிளம்பினால் வாசலில் நின்று துஆ கேட்டுவிட்டுத்தான் படி இறங்குவது எங்கள் வழக்கம். நான் மூன்று வயது நசீமாவோடு இங்கே புறப்பட்ட அன்று அம்மா வாசலில் நின்று கேட்டாள். தெருவில் டாக்ஸிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கனகம்மா ஆமீன் சொன்னாள். அவள் சேலைத் தலைப்பை நசீமா விடாமல் பிடித்திருந்ததும், விரலை ஒவ்வொன்றாகப் பிரிக்கவேண்டி வந்ததும் எனக்கு நினைவிருக்கிறது. நசீமாவுக்கு இருக்காது.

"கேளு" என்றார் அவர், கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே.

கையை ஏந்தினேன். "யா அல்லாஹ்" என்றேன். என் பெயரை முதலில் சொல்லவேண்டும் என்று நினைத்து வைத்திருந்தேன். பிறகு அவர் பெயர், பிறகு சீனி, கனகம்மா. மகள் பெயர் கிடையாது. வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனால் யா அல்லாஹ்வுக்கு மேல் குரல் வரவில்லை.

பக்கத்தில் நசீமா கையை ஏந்தினாள்.

"யா அல்லாஹ், ஜுலைகா மகள் ஆயிஷாவுக்கு நேர்வழி காட்டு" என்றாள்.

சுருக்கென்றது. என் மகள், என் வீட்டு வாசலில், என் பெயரைச் சொல்லி, எனக்கு வழி கேட்கிறாள். நான் எந்த வழி தவறினேன் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அத்தனை நாளும் அவள் காதில் எது விழுந்தது என்று அந்த ஒரு நொடியில் எனக்கும் விழுந்தது.

அவள் நிறுத்தவில்லை. "கனகம்மா மகன் சீனிவாசனுக்கு நேர்வழி காட்டு. எங்க அத்தாவுக்கு நேர்வழி காட்டு. ஆயிஷா மகள் நசீமாவுக்கு நேர்வழி காட்டு." அத்தாவின் தாய் பெயர் அவளுக்கு மறந்துவிட்டது. பரவாயில்லை. பிறகு அவள் பார்த்தே இராத, அல்லது பார்த்து மறந்த, எங்கள் தெருப் பெயர்கள் எல்லாம் உச்சரிப்பு கோணலாக, வரிசை மாறாமல் வந்தன. அம்மாவின் வரிசை. நான் மாற்றிவிட்ட பிறகும் அவள் மாற்றவில்லை. "உன் ரஹ்மத்தை இறக்கு. தாங்க முடியாத சோதனையத் தந்துராத. பலா முஸீபத்தை விட்டும் காப்பாத்து." முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஆமீன்" என்றேன். அவரும் சொன்னார்.

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவளும் அழுதாள். அவர் போய்க் காரில் உட்கார்ந்து, ஓடாத வானொலியைத் திருகிக்கொண்டிருந்தார். கார் கிளம்பும்போது நசீமா கண்ணாடியை இறக்கினாள்.

"அம்மா, மக்ரிபுக்கு என் பேரைச் சொல்லுங்க."

"சொல்லுதேன்."

"முதல்ல வேணாம். நடுவுல."

அன்று சாயங்காலம் வீட்டில் நான் மட்டும்தான். செப்டம்பர் கடைசியில் மக்ரிப் ஏறக்குறைய நம் ஊர் நேரத்துக்கே வந்துவிடுகிறது. தொழுதேன். கையை ஏந்தி, ஜுலைகா மகள் ஆயிஷாவில் ஆரம்பித்தேன். நசீமா பெயரை சீனிக்கு அடுத்து, அவள் அத்தாவுக்கு முன்னே வைத்தேன். கேட்டு முடித்ததும் பழக்கத்தில் பக்கத்துப் பாயைத் திரும்பிப் பார்த்தேன். ஆமீன் சொல்ல ஆள் இல்லை. அதையும் நானே சொன்னேன், சுவருக்கு அந்தப் பக்கமும் கேட்கிற மாதிரி, கொஞ்சம் சத்தமாக.